ஏழாம் லைன் மழைமானி

ஸ்டேஷனில் எனக்குக் கொடுத்த டீ நன்றாக இருந்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நீலகிரியில் நல்ல டீ கிடைப்பது அபூர்வம். நல்லதெல்லாம் மூட்டையில் ஏறி மலையிறங்கிவிடும், நமக்கு மிஞ்சுவது தூள்தான். ஏட்டம்மா எந்தக் கடையில் வாங்குகிறார் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் நீங்கள் தாளையும் பேனாவையும் முன்னால் வைத்து, நடந்ததை என் கையாலேயே எழுதச் சொல்லிவிட்டீர்கள்.

எழுதுவதில் எனக்குச் சிரமம் இல்லை. என் பெயர் ஆறுமுகசாமி. அருவங்காடு பாக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அப்பா கோபிச்செட்டிபாளையத்துப் பக்கமிருந்து பிழைக்க மலையேறியவர். நான் பிறந்தது, வளர்ந்தது, குடும்பம் நடத்தியது எல்லாம் குன்னூரில்தான். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் ஓசூரில் இருக்கிறான், பொங்கலுக்கு வருவான். குடி கிடையாது, சீட்டு கிடையாது. மழை ஒன்றுதான் எனக்குப் பழக்கம்.

எங்களைப் போன்றவர்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். கடலில் மேகம் சுழல ஆரம்பித்தால் எங்களுக்குச் சோறு இறங்காது. வீட்டில் திட்டுவார்கள், ஊரில் மழைப் பைத்தியம் என்பார்கள், லீவு விடுவார்களா என்று கேட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மட்டும் மரியாதையாகப் பேசுவார்கள். குன்னூர், கோத்தகிரி சுற்றுவட்டாரத்தில் இருக்கும் எங்கள் ஆட்களுக்கு ‘மலைமேகம்’ என்று ஒரு வாட்ஸப் குழு. அதை ஆரம்பித்தவன் நான். ஆரம்பித்தவன் என்பதால் என் சொல்லுக்கு அங்கே கொஞ்சம் மதிப்பு உண்டு.

ஒரு விஷயத்தை வெளியாருக்குப் பொறுமையாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது எதுவும் புரியாது. மழைக்கணக்கில் ஒரு நாள் என்பது நள்ளிரவில் தொடங்குவதில்லை. காலை எட்டரைக்குத் தொடங்கி மறுநாள் காலை எட்டரைக்கு முடியும். நாடு முழுக்க அதுதான் முறை. எட்டரைக்கு மழைமானியின் குப்பியை எடுத்து, தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றி, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துப் பதிய வேண்டும். ஏழு மணிக்கே எடுத்துவிட்டால் அதற்குப் பெயர் அளவு இல்லை, வெறும் தண்ணீர். பெருமழையில் இன்னொரு சிக்கல் உண்டு. குப்பி நிரம்பி வழிந்துவிட்டால் அந்த நாளே வீண். நிரம்புவதற்கு முன்னால் ஒருவர் அளந்து கொட்டிவிட்டு மறுபடி வைக்க வேண்டும். அதனால் பெருமழை நாளில் மழைமானிக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் இருந்தே ஆக வேண்டும். தானாக அளந்து அனுப்பும் கருவிகள் இப்போது வந்திருக்கின்றன. அடைமழையில் அவை குறைத்துக் காட்டும். எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை.

நீலகிரியில் மழை என்றாலே எல்லோரும் மேற்கே கை காட்டுவார்கள். தேவாலா, பந்தலூர், அவலாஞ்சி. ஆடி மாதம் அந்தப் பக்கத்துக்காரர்களின் பேச்சைக் கேட்டால் மழையை அவர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று தோன்றும். எங்கள் கிழக்குச் சரிவுக்கு ஐப்பசியும் கார்த்திகையும்தான். அதிலும் வங்கக் கடலில் ஏதாவது சுழன்றால் உண்டு, இல்லாவிட்டால் வெறும் பனிதான். ஆனால் பெய்தால் எந்த ஊருக்கும் சளைத்தது அல்ல எங்கள் சரிவு. அது எனக்குத் தெரியும். உலகத்துக்குத் தெரிய வேண்டுமென்றால் ஒரு நாளாவது மாநிலப் பட்டியலில் முதல் இடத்தில் நிற்க வேண்டும். சில வருஷங்களுக்கு முன்னால் அப்படி ஒரு நாள் வந்தது. அப்போது கட்டபெட்டுப் பக்கம் மழைமானி வைத்திருந்த ஆள் கல்யாணத்துக்குப் போய்விட்டார், குப்பி வழிந்துவிட்டது. ‘குறைந்தது இவ்வளவு’ என்று போட்டோம். குறைந்தது என்று போட்டதை யார் மதிப்பார்கள்? கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. வெளியூர் மழைக்காரர்கள் ஒரு மாதம் கேலி செய்தார்கள். இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அதற்குப் பிறகுதான் தேன்பாறை எஸ்டேட்டின் ஏழாம் லைனைத் தேர்ந்தெடுத்தேன். என் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் பள்ளத்தாக்குக்கு எதிரே தெரியும், ஒரே வரிசையில் ஆறேழு தொழிலாளர் வீடுகள். கிழக்கே பார்த்த மடிப்பு அது. சமவெளியிலிருந்து ஏறி வரும் மேகம் முதலில் முட்டுவது அங்கேதான். மேலே செங்குத்தாகத் தேயிலை, கீழே ஓடை. மழைமானி வைக்க அதைவிட நல்ல இடம் குன்னூர்ப் பக்கத்தில் கிடையாது. குடியிருக்க அவ்வளவு நல்ல இடம் என்று சொல்ல மாட்டேன்.

கடைசி வீடு சுகந்தியுடையது. கொழுந்து பறிப்பவள். பிளஸ் டூ வரைக்கும் படித்தவள். புருஷன் அருள்ராஜ் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான், மாதம் ஒருமுறை வந்து போவான். ஒரு மகள். அந்தப் பெண்ணுக்குக் குன்னூரில் நல்ல பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்க நான்தான் சொல்லிவிட்டேன். எங்கள் குழுவில் இருக்கும் உமாமகேஸ்வரி அங்கே டீச்சர். அந்த நன்றி சுகந்திக்கு நிறைய இருந்தது. அவள் வாசலில் மழைமானி வைக்கலாமா என்று கேட்டபோது, எதற்கு, என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சொன்ன சொல் தட்டாதவள். கைக்குழந்தையைப் பார்ப்பது போல் அதைப் பார்த்துக்கொண்டாள். எனக்கும் அவள் மேல் பாசம் உண்டு.

இந்த முறை புயலுக்கு ஏதோ ஒரு நாட்டுக்காரர் வைத்த பெயர், வாயில் நுழையவில்லை. அது அந்தமானுக்குப் பக்கத்தில் வெறும் மேகக் கூட்டமாக இருந்த நாளிலிருந்தே நான் பின்தொடர்ந்தேன். குழுவில் ஒரே வாக்குவாதம். உமாமகேஸ்வரி கம்ப்யூட்டர் மாடல்களை நம்புகிறவர். ஐரோப்பிய மாடல் ஒன்று சொல்லும், அமெரிக்க மாடல் வேறு சொல்லும், அவர் இரண்டையும் வைத்து, கரையேறியதும் மழையெல்லாம் ஏற்காட்டோடு தீர்ந்துவிடும் என்றார். நான் காற்றைப் பார்த்தேன். பலமிழந்து மேற்கே வந்து எங்கள் சரிவில்தான் கொட்டும் என்று போட்டேன். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைப்பானேன்? நெடுநாள் காத்திருந்த விருந்தாளி பஸ் ஏறிவிட்டார் என்று தகவல் வந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

சொன்னபடியே வந்தது. கடலூர்ப் பக்கம் கரையேறி, சேலம் தாண்டி, நேராக எங்களை நோக்கி. என் பதிவைப் பார்த்துத்தான் தேன்பாறை லைன்களைக் காலி செய்து எல்லோரையும் கீழே பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப முடிவு செய்தார்கள். அன்று அந்தச் சரிவிலிருந்து பிழைத்த அத்தனை பேரும் என் கணிப்பால் பிழைத்தவர்கள். வாக்குமூலத்தில் இதையும் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

பிற்பகலில் சுகந்தி போன் செய்தாள். பின்னால் ஜீப் உறுமும் சத்தம் கேட்டது. குழுவில் இருக்கும் டெனின்தான் தன் ஜீப்பில் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தான். காய்கறி லோடு அடிக்கிற பையன், மழை என்றால் உயிர்.

“சார், எல்லாத்தையும் ஸ்கூலுக்கு எறங்கச் சொல்றாங்க. நானும் பாப்பாவும் கெளம்பட்டுங்களா?”

“பாப்பாவை அனுப்பிரு சுகந்தி. மழைமானியை என்ன பண்றது?”

“கழட்டி எடுத்துட்டு வந்தரட்டுங்களா?”

“கழட்டக் கூடாதும்மா. இன்னைக்குப் பேயப்போறதுக்குக் குப்பி ஒருக்கா நெறையறதோட நிக்காது. அப்பப்ப அளந்து கொட்டிட்டு வெக்கோணும். காலையில எட்டரைக்கு எடுத்துப் போட்டுட்டு எறங்கிக்க.”

“தனியாவாங்க சார்?” என்றாள்.

“நான் போன்லயே இருக்கறனே.”

நான் கட்டாயப்படுத்தவில்லை. குரலை உயர்த்தவில்லை. பாப்பா நன்றாகப் படிக்கிறாள் என்று உமாமகேஸ்வரி டீச்சர் சொன்னதாகச் சொன்னேன், அவ்வளவுதான். “செரிங்க சார்” என்றாள். மகளை ஜீப்பில் ஏற்றிவிட்டு, தான் அடுத்த நடையில் வருவதாகப் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்லியிருக்கிறாள். அப்படிச் சொல்லச் சொன்னது நான். இல்லாவிட்டால் ஆளாளுக்கு ஒன்று பேசி அவளைக் குழப்பியிருப்பார்கள்.

இருட்டியதும் மழை பிடித்துக்கொண்டது. அதைப் பற்றி நான் எழுத ஆரம்பித்தால் உங்கள் தாள் போதாது. ஒவ்வொரு முறை குப்பியை மாற்றியபோதும் அவள் அளவு அனுப்பினாள். குவளையை டார்ச் வெளிச்சத்தில் பிடித்து எடுத்த போட்டோவோடு. படிக்கப் படிக்க எனக்கு உடம்பு சிலிர்த்தது. மழை பெய்தும் கெடுக்கும், காய்ந்தும் கெடுக்கும் என்பார்கள். கெடுக்கிற மழைக்கு ஒரு அழகு உண்டு, அது எங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும்.

விடியும் நேரம் மறுபடி கூப்பிட்டாள்.

“சார், கதவு சாத்த மாட்டேங்குதுங்க. நெலை ஒரு பக்கமாச் சாஞ்சாப்ல இருக்குது. ஊட்டுக்குப் பின்னால செவுத்தடியில செந்தண்ணி வருதுங்க. நான் எறங்கிரட்டுங்களா?”

“ஈரத்துல மரம் ஊதியிருக்கும்மா. எட்டரை ஆகட்டும்.”

“பயமா இருக்குதுங்க சார்.”

“இவ்வளவு நேரம் இருந்துட்ட. இன்னும் கொஞ்சந்தான்.”

நிலை சாய்ந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா என்று நேற்று நீங்கள் கேட்டீர்கள். தெரியும். வீட்டுக்குக் கீழே மண் நகர ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். மழைக்காலம் வந்தால் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவனே நான்தான். கதவு சாத்தாவிட்டால் சாமான் எடுக்க நிற்காதே, ஓடு என்பேன். பிள்ளைகள் கோரஸாகத் திருப்பிச் சொல்வார்கள். ஆனால் நிலை சாய்ந்த வீடெல்லாம் விழுந்துவிடவில்லை. எத்தனையோ வீடுகள் சாய்ந்தபடியே பல வருஷம் நிற்கின்றன. வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழியை உடைக்க யாருக்கு மனம் வரும்? அவளுக்கும் அந்தப் பெருமை போய்ச் சேரட்டும் என்றுதான் நினைத்தேன். பட்டியலில் ஊர்ப் பெயரோடு அளந்தவர் பெயரும் வரும்.

அடுத்து டெனின் கூப்பிட்டான்.

“சார், ஸ்கூல்ல சுகந்தியக்காவக் காணோம். பாப்பா ஒரே அழுகை. நான் மேல வந்துட்டேன், ஏழாம் லைனுக்கு முந்துன வளைவுல நிக்கறேன். ரோடு இன்னும் தாங்குது. ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வந்தரட்டுங்களா?”

“அவ அப்பவே குறுக்குவழியில எறங்கிட்டாப்பா. எங்கிட்டப் பேசுனா. நீ மேல போகாதே, வண்டியத் திருப்பு.”

“நெசமாங்க சார்?”

“நான் பொய் சொல்லுவனா டெனின்?”

திருப்பிவிட்டான். பிற்பாடு அந்த வளைவும் பள்ளத்துக்குள் போய்விட்டது. டெனின் இன்று உயிரோடு இருக்கிறான் என்றால் அதற்கும் ஒரு வகையில் நான்தான் காரணம். அவன் இப்போது என் முகத்தில் விழிப்பதில்லை. ஸ்டேஷன் வாசலில் என்னைப் பார்த்துக் காறித் துப்பினான். சின்ன வயது, போகட்டும்.

ஜீப் திரும்பிய கொஞ்ச நேரத்தில் சுகந்தி கடைசியாகப் பேசினாள். “சார், வளைவுல ஜீப்பு சத்தம் கேட்டுதுங்க. அப்பறம் கேக்கல. டெனின் வருதுங்களா?”

“வரும்மா” என்றேன். “எட்டரைக்கு வரச் சொல்லியிருக்கறேன்.”

அதற்குப் பிறகு அவள் எண் போகவில்லை. நான் மாடிக்குப் போய் நின்றேன். எதிர்ச் சரிவு முழுக்க மேகம். மழையோடு மழையாக ஒரு சத்தம் வந்தது, அன்று காலை அப்படிப் பல சத்தம். பிறகு மேகம் ஒரு கை அகலத்துக்கு விலகியது. பச்சைக்கு நடுவே மேலிருந்து ஓடை வரைக்கும் செம்மண் தெரிந்தது. ஏழாம் லைன் இருந்த இடத்தில் லைன் இல்லை. மேகம் மறுபடி மூடிக்கொண்டது. என்னைத் தவிர யாரும் பார்த்திருக்க முடியாது.

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். கீழே வந்து அடுப்பில் டீ வைத்தேன். எட்டரைக்கு இன்னும் நேரம் இருந்தது.

குழுவில் எல்லோரும் காத்திருந்தார்கள். தேன்பாறை என்ன, தேன்பாறை என்ன என்று கேள்வி மேல் கேள்வி. வெளியூர்க்காரர்களும் கேட்டார்கள். சுகந்தி அதுவரை அனுப்பிய அளவுகளைக் கூட்டினேன். மிச்ச நேரத்துக்கு என் வீட்டு மழைமானியை வைத்து ஒரு கணக்குப் போட்டேன். நானூறு வந்தது. ரவுண்டான எண்ணாக இருந்தால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று நானூற்றுப் பன்னிரண்டு ஆக்கினேன். எட்டரை மணிக்குப் பதிவு போட்டேன். ‘தேன்பாறை ஏழாம் லைன், 412 மில்லிமீட்டர். சற்றுமுன் அளந்தவர்: சுகந்தி.’

கைதட்டல் குவிந்தது. அன்றைக்கு மாநிலத்தில் அதுதான் முதல் இடம். உமாமகேஸ்வரி, “ஏனுங்கண்ணா, சொன்னபடியே நடந்துருச்சு. சுகந்திக்கு என் பெரிய கும்பிடுங்க” என்று குரல் செய்தி அனுப்பினார். நான் அதை இரண்டு மூன்று முறை கேட்டேன்.

தீயணைப்புக்காரர்களும் ஊர்க்காரர்களும் நடந்தே சரிவுக்குப் போய்ச் சேரும்போது மதியம் நெருங்கிவிட்டது. நானும் போனேன். அங்கே டெனின் தன் போனை எடுத்து என் பதிவை எல்லோருக்கும் காட்டினான். நான் அவனிடம் சொன்ன குறுக்குவழியையும் சொன்னான். எட்டரைக்கு அளவு எடுத்திருக்கிறாள் என்றால் அதுவரை உயிரோடு இருந்திருக்கிறாள். இறங்கிப் போனவள் மழைமானிக்காகத் திரும்பி ஏறியிருக்கிறாள், அளந்துவிட்டு மறுபடி இறங்கும்போதுதான் ஏதோ ஆகியிருக்கும் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். ஆகவே வீட்டை விட்டுவிட்டுக் குறுக்குவழியிலும் ஓடைக்கரையிலும் தேடினார்கள். எந்த வழி என்று கேட்டார்கள், நான் கை காட்டினேன். இருட்டும் வரை தேடினார்கள். வீடு இருந்த இடத்தை மறுநாள்தான் தோண்டினார்கள்.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தாள். அவள் உடனே போகவில்லை, மதியம் வரைக்கும் மூச்சு இருந்திருக்கலாம் என்று டாக்டர் எழுதியிருப்பதாக நீங்கள் சொன்னீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த நேரத்தில் அங்கே மண்மேல் நின்றிருந்தவர்களில் நானும் ஒருவன்.

அருள்ராஜ் திருப்பூரிலிருந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். “உங்ககிட்டத்தான் சார் கடைசியாப் பேசியிருக்கறா. என்னங்க சொன்னா?”

“மழையப் பத்தித்தான்பா” என்றேன். அது உண்மைதானே.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள், என்னுடையது அவ்வளவு நாள்கூட நிற்கவில்லை. அவள் போன் ஏழு மணி வாக்கிலேயே அடங்கிவிட்டது என்று போன் கம்பெனி கொடுத்த தகவலை நீங்கள் எடுத்து வைத்ததும் நான் மறுக்கவில்லை. இனி மறைக்க ஒன்றும் இல்லை. இறங்க வேண்டியவளை நிறுத்தி வைத்தது நான். மண் நகர்வது தெரிந்தும் இருக்கச் சொன்னது நான். அவளைக் கூட்டிப்போக வந்த ஜீப்பைத் திருப்பி அனுப்பியது நான். அவள் மண்ணுக்குள் இருப்பது தெரிந்தே அவள் பெயரில் அளவு போட்டு, தேடியவர்களை வேறு பக்கம் அனுப்பியதும் நான்தான். இதையெல்லாம் கொலை என்று சட்டம் சொன்னால் சட்டத்தோடு நான் சண்டைக்கு வரவில்லை.

ஆனால் ஒன்று. ஒரு நாள் அளவு கிடைக்காமல் போனால் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு விட்டுவிடுவது எங்கள் முறை. வெறும் கோடு. அதில் அவமானம் எதுவும் இல்லை. அன்று நான் கோடு போட்டிருக்க வேண்டும். அவளை நிறுத்தியதற்கு ஒரு காரணம் இருந்தது, ஜீப்பைத் திருப்பியதற்கும் இருந்தது, நீங்கள் ஏற்காவிட்டாலும் என்னால் சொல்ல முடிகிறது. நானூற்றுப் பன்னிரண்டுக்குக் காரணமே இல்லை. என் ஆயுசில் நான் போட்ட ஒரே பொய் அளவு அது. சுகந்தியைப் பற்றி நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். அந்த எண்ணை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். அதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை.